‘எமுலேட்டர்’ என்ற சொல்லை நீக்கிவிடுங்கள்

கடந்த மாதம் எங்கள் துறையின் ஆய்வுக் குழுவின்முன் என் முனைவர் பட்ட ஆய்வின் முறையியல் இயலை வைத்தேன். கையடக்க விளையாட்டுக் கருவிகளில் புறவுலகம் எவ்வாறு விளையாட்டின் பகுதியாகிறது என்பது என் ஆய்வுப் பொருள். கருதுகோளைப் பற்றி ஒருவரும் வினவவில்லை. தரவுகளைப் பற்றியும் வினவவில்லை. “இவ்விளையாட்டுகள் எமுலேட்டர் வழியாகவும் ஆராயப்பட்டன” என்ற ஒரேயொரு தொடரில் கூட்டம் நின்றது. “இது சட்டச் சிக்கல். அந்தச் சொல்லை நீக்கிவிடுங்கள். எல்லாவற்றையும் மூலக் கருவியிலேயே ஆடியதாக எழுதிவிடுங்கள்” என்றார் மூத்த உறுப்பினர் ஒருவர். மற்றவர்கள் தலையசைத்தனர்.

கவனியுங்கள். எமுலேட்டரைப் பயன்படுத்தாதே என்று அவர்கள் சொல்லவில்லை. பயன்படுத்தியதைச் சொல்லாதே என்றார்கள். ஆய்வின் நேர்மையைக் காக்க அமைக்கப்பட்ட குழு, பாதுகாப்பின் பெயரால் என்னைப் பொய்யெழுதச் சொன்னது. அக்குழுவினர் என்மீது அக்கறை கொண்டவர்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. இப்பதிவு அவர்கள்மீதான புகாரும் அன்று. விளையாட்டு ஆய்வில் ஈடுபட்டுள்ள நம்மில் பலர் சத்தமின்றி ஏற்றுக்கொண்டுவிட்ட ஒரு வழக்கத்தின்மீதான புகார். பயன்படுத்துவோம், மறைப்போம், கேட்டால் முகம் சுளிப்போம் என்பதே அந்த வழக்கம்.

துறைக்கு வெளியே இருக்கும் நண்பர்களுக்காக மூன்று சொற்களை விளக்கிவிடுகிறேன். ஒரு கருவியின் செயற்பாட்டை வேறொரு கணினியில் நிகழ்த்திக் காட்டும் நிரல் எமுலேட்டர். கேம்பாய் அட்வான்ஸுக்கு எம்ஜிபிஏ, நிண்டெண்டோ டிஎஸ்ஸுக்கு மெலன்டிஎஸ், சோனியின் பிஎஸ்பிக்கு பிபிஎஸ்எஸ்பிபி என்பன அவ்வகை. கருவியைச் செய்த நிறுவனத்தின் ஒப்புதலைப் பெறாமல் தனியாட்கள் அக்கருவிக்கென்று எழுதும் நிரல் ஹோம்ப்ரூ. கார்ட்ரிட்ஜிலோ வட்டிலோ இருக்கும் விளையாட்டைக் கோப்பாகப் படியெடுப்பது டம்ப். மூன்றும் ஒரே சங்கிலியின் கண்ணிகள். பிஎஸ்பியின் யுஎம்டி வட்டை நம் கணினிகளில் செருக வழியில்லை. அதைப் படியெடுக்க வேண்டுமானால் பிஎஸ்பியிலேயே மாற்று ஃபர்ம்வேரை நிறுவி, அதன்மேல் ஹோம்ப்ரூ நிரலை ஓட்ட வேண்டும். ஹோம்ப்ரூ இன்றிப் படி இல்லை. படி இன்றி எமுலேட்டருக்கு வேலை இல்லை.

என் ஆய்வின் மையத்தில் இருப்பது ‘பொக்தாய்’ என்னும் விளையாட்டு. ஹிதேயோ கொஜிமாவின் தயாரிப்பில் கொனாமி நிறுவனம் 2003-இல் கேம்பாய் அட்வான்ஸுக்கு வெளியிட்டது. அதன் கார்ட்ரிட்ஜில் ஓர் ஒளியுணரி பதிக்கப்பட்டிருக்கும். விளையாடுபவர் உண்மையாகவே வெயிலில் போய் நின்றால் கதைத்தலைவனின் ஆயுதத்திற்கு ஆற்றல் ஏறும். அறைக்குள் அடைந்துகிடந்தால் இரத்தக்காட்டேரிகளிடம் திண்டாட வேண்டியதுதான். இத்தொடரின் மூன்றாம் விளையாட்டு 2005-இல் ஜப்பானில் மட்டும் வெளிவந்தது. அதிகாரபூர்வமான ஆங்கில வடிவம் அதற்கு இல்லை. ஜப்பானிய மொழி அறியாதவர் அதைப் படிக்க, ஆர்வலர்கள் தாமாக உருவாக்கிய மொழிபெயர்ப்பைப் படியெடுத்த கோப்பின்மேல் பொருத்திக்கொள்ள வேண்டும்.

எமுலேட்டரில் அந்த வெயில் என்னவாகிறது? கூட்டவும் குறைக்கவும் கூடிய ஓர் அளவாகிறது. நள்ளிரவில், விடுதியறையில், போர்வைக்குள் அமர்ந்தபடி உச்சி வெயிலை வரவழைத்துக்கொள்ளலாம். மூல கார்ட்ரிட்ஜைப் பழைய டிஎஸ் லைட் ஒன்றில் செருகி, நவம்பர் மாதத்துத் தில்லிப் புகைமூட்டத்தில் மொட்டைமாடியில் நின்றும் ஆடியிருக்கிறேன். நண்பகலிலும் ஒளிக்கட்டங்கள் ஏற மறுத்தன. மே மாதத்தில் கட்டங்கள் நிரம்பின. ஆனால் அந்த வெயிலில் திரை மங்கிப்போய், எதிரி எங்கே நிற்கிறான் என்பதே தெரியவில்லை. இவ்விரு அனுபவங்களுக்கும் இடையே உள்ள இடைவெளிதான் என் ஆய்வு. எல்லாவற்றையும் மூலக் கருவியில் ஆடியதாக எழுதச் சொன்னவர்கள், தாம் அறியாமலே, என் அடிப்படைத் தரவைத் திரிக்கச் சொன்னார்கள்.

இது என் ஒருவனின் சிக்கல் அன்று. முதல் கேம்பாயின் திரை மெதுவானது. ஒரு காட்சி மறைவதற்குள் அடுத்தது வந்துவிடும். இந்தக் குறையையே உத்தியாக்கி, ஓர் உருவை மாறி மாறித் தோன்றவும் மறையவும் செய்து, ஒளிபுகும் நிழல்போல அதைக் காட்டிய விளையாட்டுகள் உண்டு. இன்றைய கூர்மையான கணினித் திரையில், அதற்கான அமைப்பைச் செய்யாமல் எமுலேட்டரை ஓட்டினால், அதே உரு எரிச்சலூட்டும் சிமிட்டலாகத் தெரியும். ஆய்வாளர் ஒருவர் அதைக் கண்டு “அழகியல் சிதைவு” என்று நான்கு பக்கம் எழுதினால், அவர் எதில் ஆடினார் என்பது தெரியாமல் நாம் அந்த நான்கு பக்கங்களை எவ்வாறு மதிப்பிடுவது? சங்கப் பாடலை மேற்கோள் காட்டுபவரிடம் எந்தப் பதிப்பு, யார் பதிப்பு என்று கேட்கிறோம். பாடபேதத்திற்காகச் சண்டையிடுகிறோம். விளையாட்டு என்று வந்தவுடன் பதிப்பே தேவையில்லை என்று ஆகிவிடுகிறதா?

“அப்படியானால் மூலக் கருவியோடு நின்றுகொள்ளலாமே” என்பது அடுத்த வினா. நிற்கலாம், கருவி நிற்கும்வரை. 1999-இல் ஜப்பானில் வந்த போக்கிமான் கோல்டு, சில்வர் கார்ட்ரிட்ஜ்களுக்குள் ஒரு சிறு வட்ட பேட்டரி இருக்கிறது. விளையாடுபவர் சேமித்து வைத்ததையெல்லாம் உயிரோடு வைத்திருப்பது அதுதான். பேட்டரி தீர்ந்தால் சேமிப்பு போய்விடும். யுஎம்டி வட்டு கெடுகிறதோ இல்லையோ, அதைச் சுழற்றும் இயக்கி தேய்கிறது. வட்டும் கார்ட்ரிட்ஜும் இல்லாமல் இணையக்கடையில் மட்டும் விற்கப்பட்டவற்றின் கதி இன்னும் மோசம். பிஎஸ்பியின் கடையைச் சோனி 2021 ஜூலையில் மூடியது. பிஎஸ்3, வீட்டா கடைகளையும் மூடுவதாக அறிவித்து, எதிர்ப்பு எழுந்தபின் அவ்விரண்டை மட்டும் விட்டுவைத்தது. நிண்டெண்டோ 2023 மார்ச் 27 அன்று 3டிஎஸ் கடையில் விற்பனையை நிறுத்தியது. அக்கடையில் மட்டுமே கிடைத்த விளையாட்டுகளை இனிப் பணம் கொடுத்தும் வாங்க முடியாது.

வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷனும் சாஃப்ட்வேர் பிரசர்வேஷன் நெட்வொர்க்கும் 2023-இல் வெளியிட்ட ஆய்வின்படி, அமெரிக்காவில் 2010-க்கு முன் வெளியான விளையாட்டுகளில் 87 விழுக்காடு இன்று விற்பனையில் இல்லை. கேம்பாய்க்குரியவற்றில் கிடைப்பவை 6 விழுக்காட்டிற்கும் குறைவு. உரிமையாளர்கள் தங்கள் உடைமையைக் காத்துக்கொள்வார்கள் என்ற நம்பிக்கைக்குக் கிடைத்த விடை இது. படியெடுக்கப்படாத ஏடு செல்லுக்கு இரையாகும் என்பது தமிழ் படித்தவர்க்குப் புதிய செய்தி அன்று. நமக்கு எஞ்சியவை, யாரோ ஒருவர் உட்கார்ந்து படியெடுத்ததால் எஞ்சியவை.

விளையாட்டுகளைப் பொறுத்தவரை அந்த ‘யாரோ ஒருவர்’ யார் என்று பாருங்கள். 1989-இல் வந்த கேம்பாயின் உள்ளே 256 பைட் அளவுள்ள ஒரு தொடக்க நிரல் இருக்கிறது. கருவியை இயக்கியதும் நிண்டெண்டோவின் பெயரைத் திரையின் மேலிருந்து இறக்கிக் காட்டுவதும், கார்ட்ரிட்ஜில் அதே பெயர்ச்சின்னம் பதிந்திருக்கிறதா என்று சரிபார்ப்பதும் அதன் வேலை. வேலை முடிந்ததும் அது தன்னை மறைத்துக்கொள்ளும். அதன்பின் ஓடும் எந்த நிரலாலும் அதைப் படிக்க முடியாது. 2003-இல் ஓர் ஆர்வலர் சில்லின் மேலுறையை நீக்கி, நுண்ணோக்கியின்கீழ் வைத்து, பிட் பிட்டாக அதைப் படித்து வெளிக்கொணர்ந்தார். சிதைந்த கல்வெட்டு ஒன்றுக்கு எவரேனும் இதைச் செய்திருந்தால் நாம் கருத்தரங்கு நடத்தியிருப்போம். இதைச் செய்தவருக்கு நாம் வைத்திருக்கும் பெயர் ‘ஹேக்கர்’. அதையும் தாழ்ந்த குரலில் சொல்கிறோம்.

நிறுவனங்களுக்கோ இவ்வளவு கூச்சம் இல்லை. சோனி 2018-இல் பழைய விளையாட்டுகளை உள்ளடக்கி பிளேஸ்டேஷன் கிளாசிக் என்னும் கருவியை விற்றது. அதனுள் ஓடியது சோனியின் சொந்த எமுலேட்டர் அன்று. ஆர்வலர்கள் பல்லாண்டு வளர்த்த பிசிஎஸ்எக்ஸ் ரீஆர்ம்ட் என்னும் திறந்த மூல எமுலேட்டர். எமுலேட்டர் செய்தவர்களை 1999-இல் நீதிமன்றத்துக்கு இழுத்த அதே நிறுவனம், தன் மரபைத் தானே விற்க வந்தபோது ஆர்வலர்களின் எமுலேட்டரைத்தான் நாடியது. உரிமக் குறிப்பில் அதன் பெயரையும் வெளியிட்டது. வணிக நிறுவனம் செய்த இந்த ஒப்புகையைக்கூடச் செய்ய நம் ஆய்வேடுகளுக்கு மனம் வரவில்லை.

இனி ‘திருட்டு’ என்ற குற்றச்சாட்டுக்கு வருகிறேன். அதை நான் தட்டிக்கழிக்கப் போவதில்லை. டிஎஸ் காலத்தில் ஆர்4 போன்ற அட்டைகள் ஊரெங்கும் விற்றன. பாலிகா பஜாரில் அதன் பெயரைச் சொன்னால் கடைக்காரர் எதற்கென்று கேட்கமாட்டார். அதை வாங்கியவர்களில் பெரும்பாலோர் விளையாட்டு வரலாற்றைக் காக்க வாங்கவில்லை. காசு கொடுக்காமல் ஆட வாங்கினார்கள். இதை மறுப்பவர் தம்மை ஏமாற்றிக்கொள்கிறார். ஆனால் என் கேம்பாய் அட்வான்ஸ் கார்ட்ரிட்ஜைப் படியெடுத்த ஹோம்ப்ரூ நிரலும் அத்தகைய ஓர் அட்டையின் வழியாகத்தான் டிஎஸ் லைட்டில் ஓடியது. பூட்டு ஒன்றே, திறவுகோலும் ஒன்றே. திறப்பவர் உள்ளே சென்று என்ன செய்கிறார் என்பதில்தான் திருட்டும் காப்பும் பிரிகின்றன. திறவுகோலைத் தடைசெய்தால் திருட்டு நிற்கப் போவதில்லை. காப்பு மட்டும் நின்றுபோகும்.

2024-இல் நடந்தது இதற்குச் சான்று. ஸ்விட்ச் எமுலேட்டரான யூசுவின்மீது நிண்டெண்டோ பிப்ரவரி இறுதியில் வழக்குத் தொடுத்தது. ஒரு வாரத்திற்குள் 24 லட்சம் டாலர் தருவதாக ஒப்புக்கொண்டு யூசு தரப்பினர் விலகினர். விற்பனையில் இருக்கும் கருவி, அதற்கென நன்கொடை என்ற நிலையில் நிண்டெண்டோவின் குறை முற்றிலும் அடிப்படையற்றது என்று நான் வாதிடமாட்டேன். ஆனால் அதே குழுவினரின் கையில் இருந்த சிட்ராவும் அன்றே மூடப்பட்டது. சிட்ரா 3டிஎஸ்ஸுக்கான எமுலேட்டர். கடை மூடி ஓராண்டு ஆகிவிட்ட, விற்க ஒன்றுமில்லாத ஒரு கருவிக்குரிய காப்பு முயற்சி, வேறொரு கருவியின் வழக்கில் உடன்கட்டை ஏறியது. அவ்வழக்கும் விசாரணைக்கு வரவில்லை, உடன்பாட்டில் முடிந்தது. விசாரித்து முடிவு சொன்ன வழக்கு ஒன்று உண்டு. சோனிக்கும் கனெக்டிக்ஸுக்கும் இடையிலான வழக்கில், எமுலேட்டரை உருவாக்கும் பொருட்டுத் தலைகீழ்ப் பொறியியலின்போது படியெடுப்பது நியாயமான பயன்பாடே என்று அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் 2000-இல் தீர்ப்பளித்தது. ‘எமுலேட்டர் என்றாலே சட்டவிரோதம்’ என்று நம் கூட்டங்களில் உதிர்க்கப்படும் வாக்கியத்துக்கு இதைவிட நேரடியான மறுப்பு வேண்டுமா?

அமெரிக்கச் சட்டம் நமக்கெதற்கு என்பீர்கள். சரி, நம் சட்டத்தையே திறப்போம். நான் வழக்கறிஞன் அல்லன். ஆனால் பதிப்புரிமைச் சட்டம் எவரும் படிக்கக்கூடிய ஆவணம். ஆய்வுக்கான நியாயமான பயன்பாட்டைப் பேசும் 52(1)(ஏ) பிரிவு கணினி நிரலை விலக்குகிறது என்பது உண்மை. அதோடு படிப்பதை நிறுத்திவிட்டவர்கள்தாம் நம்மை அச்சுறுத்துகிறார்கள். அடுத்துவரும் உட்பிரிவுகள் கணினி நிரலுக்கென்றே எழுதப்பட்டவை. முறையாகப் பெற்ற நிரலின் செயற்பாட்டை உற்றுநோக்கலாம், ஆராயலாம், சோதிக்கலாம்; சொந்தமாக முறைப்படி பெற்ற படியிலிருந்து வணிக நோக்கமற்ற தனிப்பயன்பாட்டுக்கு மறுபடி எடுக்கலாம்.

பூட்டை உடைப்பதற்கான 65ஏ பிரிவு 2012-இல் சேர்க்கப்பட்டது. ஈராண்டு வரை சிறை என்று அது சொல்வது உண்மை; ஆனால் உரிமையை மீறும் நோக்கத்தோடு உடைப்பவருக்கு என்றும் சொல்கிறது. சட்டம் வெளிப்படையாகத் தடுக்காத நோக்கத்திற்காகத் திறப்பதை அது குற்றமாக்கவில்லை. ஒருவர் அவ்வாறு திறக்க மற்றொருவர் உதவினால், யாருக்கு, எந்த நோக்கத்துக்காக உதவினார் என்பதைப் பெயர், முகவரியோடு பதிவேட்டில் குறித்துவைக்க வேண்டும் என்பதே அதன் நிபந்தனை. பெயர், முகவரி, நோக்கம், பதிவேடு: ஒரு நூலகம் நாள்தோறும் செய்யும் வேலையல்லவா இது? சட்டம் கதவைத் திறந்து வைத்து, வாசலில் ஒரு நோட்டுப் புத்தகத்தையும் வைத்திருக்கிறது. நாம்தான் உள்ளே போக அஞ்சுகிறோம்.

சட்டத்தில் உண்மையான குறை வேறோரிடத்தில் இருக்கிறது. அதைப் பற்றி எவரும் பேசுவதில்லை. வணிக நோக்கமற்ற பொது நூலகம் ஒரு படைப்பை மின்னணு வடிவில் சேமித்துக் காக்கலாம் என்று 52(1)(என்) சொல்கிறது. ஆனால் அந்நூலகத்திடம் அப்படைப்பின் ‘டிஜிட்டல் அல்லாத’ படி ஏற்கெனவே இருக்க வேண்டுமாம். அச்சு நூலுக்கு அது பொருந்தும். பிறக்கும்போதே டிஜிட்டலாகப் பிறந்த விளையாட்டுக்கு டிஜிட்டல் அல்லாத படி எங்கிருந்து வரும்? எது மிக விரைவாக அழிகிறதோ, அதைக் காக்கும் உரிமை நூலகத்துக்கு இல்லை. மனு எழுத வேண்டிய இடம் இது. நாமோ முறையியல் இயலில் ஒரு சொல்லை அடித்துக்கொண்டிருக்கிறோம்.

தில்லியில் இருப்பவன் என்பதால் ஒன்றை நினைவூட்டாமல் இருக்க முடியவில்லை. 2012-இல் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்ட் ஃபிரான்சிஸ் ஆகிய பதிப்பகங்கள், தில்லிப் பல்கலைக்கழக வளாகத்திலிருந்த ராமேஷ்வரி ஒளிநகல் கடையின்மீதும் பல்கலைக்கழகத்தின்மீதும் வழக்குத் தொடுத்தன. மாணவர்கள் திரண்டார்கள், பேராசிரியர்கள் கடைக்காரருக்காகக் கையெழுத்திட்டார்கள். 2016 செப்டம்பரில் உயர் நீதிமன்றத் தனி நீதிபதி பதிப்பகங்களின் வழக்கைத் தள்ளுபடி செய்தார். டிசம்பரில் மேல் அமர்வு சில வினாக்களை மறுவிசாரணைக்கு அனுப்பியது. 2017 மார்ச்சில் பதிப்பகங்கள் வழக்கையே கைவிட்டன. கற்பித்தலின் போக்கில் ஆசிரியரும் மாணவரும் ‘எந்தப் படைப்பையும்’ படியெடுக்கலாம் என்னும் பிரிவே அவ்வழக்கின் மையம். அப்பிரிவில் ‘கணினி நிரல் நீங்கலாக’ என்ற தொடர் இல்லை. ஒளிநகல் கடைக்காக அறிவின் பொதுவுடைமை பேசிய நாம், எமுலேட்டர் என்றதும் பதிப்பகத்தின் வழக்கறிஞர் குரலில் பேசுகிறோம். அங்கே அச்சடித்த பக்கம், இங்கே விளையாட்டுப் பொருள். வேறுபாடு சட்டத்தில் இல்லை. எது படிக்கத்தக்கது என்பதைப் பற்றிய நம் சாதிப் படிநிலையில் இருக்கிறது.

கருத்துத் திருட்டைத் தடுக்கப் பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் விதிமுறைகள் கொண்டுவந்தது. ஒப்புமை 10 விழுக்காட்டைத் தாண்டினால் ஆய்வேடு திரும்பி வரும். அடுத்தவரின் வாக்கியத்தை எடுத்தாண்டு பெயர் சொல்லாவிட்டால் தண்டனை. அடுத்தவர் பல்லாண்டு உழைத்து எழுதிய நிரலின்மேல் ஓர் ஆய்வு முழுவதையும் நடத்திவிட்டு, அப்பெயரைச் சொல்லாமல் மறைத்தால்? அதற்கு ‘முன்னெச்சரிக்கை’ என்று பெயர். நம்மில் யார் திருடர் என்ற வினாவை நான் எழுப்புவதாக நினைத்தால், ஆம், அதைத்தான் எழுப்புகிறேன்.

செய்ய வேண்டியவை அரியவை அல்ல. முதலாவது, எமுலேட்டரின் பெயர், பதிப்பு எண், செய்துகொண்ட அமைப்புகள் ஆகியவற்றை நூற்பதிப்பைக் குறிப்பதுபோல் குறிப்போம். இரண்டாவது, ஆராயும் விளையாட்டின் மூலப் படியைக் கைவசம் வைத்திருப்போம். சந்தையில் கிடைப்பதை இலவசமாக இறக்கிவிட்டு அதற்கு ‘ஆய்வு’ என்று பெயர் வைக்கமாட்டோம். மூன்றாவது, நம் நூலகங்கள் கருவிகளையும் கார்ட்ரிட்ஜ்களையும் வாங்கிப் பதிவேட்டில் ஏற்றட்டும். நான் விண்ணப்பித்தபோது “பொம்மைகளுக்கு நிதித்தலைப்பு இல்லை” என்ற பதில் வந்தது. ஐந்து பேர் கையெழுத்திட்டு விண்ணப்பித்தால் அப்பதிலை எழுதக் கை சற்றுத் தயங்கும். நான்காவது, 52(1)(என்) பிரிவிலுள்ள அந்த ‘டிஜிட்டல் அல்லாத’ என்ற அடைமொழியை நீக்கக் கோருவோம். நீக்க வேண்டிய சொல் அதுதான்.

திருத்திய இயலை நேற்று ஒப்படைத்தேன். ‘எமுலேட்டர்’ நீங்கவில்லை. முன்பு ஒரு தொடராக இருந்தது இப்போது இரண்டு பக்கமாகியிருக்கிறது. எந்த நிரல், எந்தப் பதிப்பு, எந்தக் கருவியில் படியெடுத்தது, வெயிலை எந்த அளவில் வைத்து ஆடியது, எந்த நாளில் மொட்டைமாடியில் நின்று ஆடியது, மூன்றாம் பாகத்தை எவர் மொழிபெயர்ப்பில் படித்தது என்று அனைத்தும் அதில் உள்ளன. குழு என்ன சொல்லும் என்று தெரியாது, ஓராண்டு தள்ளிப்போகலாம். உங்கள் ஆய்வேட்டிலும் இப்படி ஒரு சொல் அடிக்கப்பட்டிருந்தால், அதைத் திரும்ப எழுதுங்கள். ஒருவர் எழுதினால் ஒழுங்குமீறல் என்பார்கள். பத்துப்பேர் எழுதினால் அதற்கு முறையியல் என்று பெயர்.